அந்த ஒரு வரியைப் போஸ்ட்டில் எழுது

அரியலூர்,
வெள்ளி இரவு.

அன்பு மகளுக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். நேற்று நீ போனில் சொன்னதை முழுக்கக் கேட்டேன், உடனே பதில் சொல்ல வரவில்லை. பட்டறை இரைச்சலுக்கு நடுவே பேசி முடிக்கிற விஷயமில்லை இது. சாவகாசமாகப் படி. மரம் செதுக்கும் உன் சி.என்.சி. ரவுட்டர் பக்கத்தில் நின்றுகொண்டு இன்னொரு தடவையும் படி.

நடந்தது இதுதானே? பெரம்பலூரில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கி, ஆஸ்பையர் என்ற வடிவமைப்பு மென்பொருளின் புதிய பதிப்பைப் போட்டாய். நிலைக்கதவுக்கான தாமரையைத் திறந்து டூல்பாத் கணக்கிட்டாய். சேமிக்கும்போது போஸ்ட் எது என்று கேட்டது. பட்டியலில் 'மாக்' என்று பெயர் தெரிந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தாய். பென்டிரைவில் எடுத்துப்போய் ஓடவிட்டாய். ஓரத்து நேர்கோடுகள் சுத்தமாக வந்தன. முதல் இதழின் வளைவு தொடங்கியதும் பிட் திசைமாறி, பலகையின் குறுக்கே பெரிய வில்லாக உழுதுகொண்டு போனது. நீ ஓடிப்போய் எமர்ஜென்சி பட்டனை அடிப்பதற்குள் பலகை போய்விட்டது. உங்கப்பா ஒரு வார்த்தையும் சொல்லாமல் அதை எடுத்துச் சுவரோரம் சாத்தினார் என்றாய். அந்த வாகைப் பலகை காய்ந்து பக்குவமாக அண்ணன் எத்தனை மாதம் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

பிறகு மெஷின் போட்டுக்கொடுத்தவரிடம் போனில் கேட்டாய். "நோட்பேடில் ஃபைலைத் திறந்து, மேலே ஜி91.1 என்று ஒரு வரி சேருங்கள்" என்றார். சேர்த்தாய், பூ சரியாக வந்தது. "இனிமேல் ஒவ்வொரு ஃபைலிலும் அந்த வரியைச் சேர்த்துவிட்டால் போதும்தானே சித்தப்பா?" என்று என்னைக் கேட்டாய்.

போதாது, மகளே. அவர் சொன்ன வரி சரி. நீ அதை எழுதுகிற இடம்தான் தப்பு.

முதலில் அந்த வரி என்ன செய்கிறது என்று தெரிந்துகொள். வளைவாக வெட்டச் சொல்லும் ஜி2, ஜி3 கட்டளைகளில், போய்ச் சேரவேண்டிய இடத்தை எக்ஸும் ஒய்யும் சொல்லும். வட்டத்தின் மையம் எங்கே என்பதை ஐயும் ஜேயும் சொல்லும். மையத்தை இரண்டு விதமாகச் சொல்லலாம். வளைவு தொடங்கும் புள்ளியிலிருந்து இத்தனை தள்ளி என்று அளப்பது ஒரு விதம். பலகையின் மூலையில் நீ வைத்த சுழிப்புள்ளியிலிருந்து அளப்பது இன்னொரு விதம். ஆஸ்பையர் முதல் விதத்தில் எழுதியது, மெஷினை ஓட்டுகிற உன் மாக்3 இரண்டாம் விதத்தில் படித்தது. இதழ் மூலையிலிருந்து 600 மி.மீ. தள்ளி இருக்கிறது, மையம் 12 மி.மீ. தள்ளி என்று கோப்பு சொல்கிறது. மெஷினோ மூலையிலிருந்து 12 மி.மீ.யில் மையத்தை வைத்துக்கொண்டு, ஏறக்குறைய 600 மி.மீ. ஆரத்துக்குச் சுழன்றது. ஜி91.1 என்ற வரி, முதல் விதமாகவே படி என்று அதற்குச் சொல்கிறது. ஜி90.1 இரண்டாம் விதத்துக்கு.

உன் தாத்தா பட்டறையில் ஒரு முழக்கோல் இருந்தது, உனக்கு நினைவிருக்காது. வெளியூர் ஆசாரி யாராவது தேர் வேலைக்கு ஒத்தாசைக்கு வந்தால், அப்பா முதலில் அவருடைய கோலை வாங்கித் தன் கோலோடு சேர்த்துப் பிடித்துப் பார்ப்பார். விரல்கடை வித்தியாசம் இருந்தால் அவர் கோல் உறைக்குள் போய்விடும். எண் சரியாக இருந்து கோல் மாறிவிட்டால் யாளியின் கால் ஒன்று மற்றதோடு பொருந்தாது. உன் கதவில் நடந்ததும் அதேதான். போஸ்ட் புராசஸர் என்பது உன் மெஷினின் கோல் எது என்று எழுதிவைத்திருக்கிற கோப்பு.

இந்த ஏற்பாடு நேற்று வந்ததில்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1952ல் ஒரு மில்லிங் மெஷினை எண்களால் ஓட்டிக் காட்டினார்கள். துளையிட்ட காகித நாடாதான் அப்போது கோப்பு. அந்த எண்களைக் கையால் கணக்கிடுவது பெரும்பாடாக இருந்தது. அதே நிறுவனத்தில் டக்ளஸ் ராஸ் என்பவர் தலைமையில் ஏ.பி.டி. என்ற கணினி மொழியை உருவாக்கி 1959ல் வெளியே அறிவித்தார்கள். வேலையை அவர்கள் இரண்டு கட்டமாகப் பிரித்தார்கள். டூல் எந்த வழியில் போகவேண்டும் என்ற கணக்கு முதலில், எந்த மெஷினுக்கும் பொதுவாக. அதன்பின் அந்த வழியைக் குறிப்பிட்ட ஒரு மெஷினுக்குப் புரியும்படி மாற்றி எழுதுவது. பின்னால் நடக்கிற வேலை என்பதால் அதற்குப் 'போஸ்ட்' என்று பெயர். ஜி2, ஜி3 மாதிரியான இந்தக் கட்டளைகளுக்கு, அதாவது ஜி கோடுக்கு, ஐ.எஸ்.ஓ. 6983 என்று 1982லேயே ஒரு தரம் வந்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு கன்ட்ரோல் கம்பெனியும் தன் வழக்கத்தைச் சேர்த்துக்கொண்டே போனது. நான் ஓட்டிய ஃபானுக் கன்ட்ரோல் சிலவற்றில் எக்ஸ்100 என்று புள்ளியில்லாமல் அடித்தால் 100 மி.மீ. போகாது, 0.1 மி.மீ.தான் நகரும். 100-க்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்தால்தான் 100. அந்தப் புள்ளியை வைப்பதும் போஸ்ட்டின் வேலை.

நீ ஏழாவது படிக்கும்போது உன்னைச் சாத்தனூருக்குக் கூட்டிப்போனேன். 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக்கிடக்கும் கல்மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது கல்லா மரமா?" என்று கேட்டாய். ஏறக்குறைய 12 கோடி ஆண்டுக்கு முன் கடலடியில் புதைந்த மரம். மரத்தின் பொருள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, அந்த இடத்தில் மணற்சத்து ஏறியிருக்கிறது. வடிவம் அப்படியே நிற்கிறது. போஸ்ட்டும் நன்றாக வேலை செய்தால் அப்படித்தான்: நீ வரைந்த தாமரையின் வடிவம் கொஞ்சமும் மாறாமல், முழுக்க வேறொரு பொருளாக, எண்களும் எழுத்துகளுமாக, மெஷினுக்குப் போய்ச் சேரும்.

இப்போது, ஏன் கையால் சேர்க்கக்கூடாது என்கிறேன் என்பதற்கு வருகிறேன். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

சிமென்ட் ஆலைகளுக்குத் தண்டும் உருளையும் கடைந்துகொடுக்கும் பட்டறை ஒன்றில் அப்போது நான் புரோகிராம் போட்டுக்கொண்டிருந்தேன். சி.என்.சி. லேத்தில் ஜி96 என்று ஒரு கட்டளை உண்டு. வெட்டும் வேகத்தை ஒரே சீராக வைத்திருக்கும். விட்டம் குறையக் குறையச் சுற்று வேகத்தை அதுவாகவே ஏற்றிக்கொண்டு போகும். நிமிடத்துக்கு 150 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொள். 300 மி.மீ. விட்டத்தில், இரும்பைப் பிடித்துச் சுழற்றும் சக் நிமிடத்துக்கு 159 சுற்று சுற்றும். 30 மி.மீ.யில் 1,592. டூல் மையத்தை நெருங்கினால் மெஷினின் உச்ச வேகம் வரை போய்விடும். அதற்கு மேல் போகாதே என்று ஜி50 வரியில் ஒரு வரம்பு போடவேண்டும். எங்கள் போஸ்ட் அந்த வரியை எழுதாது. எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு புரோகிராமிலும் நாங்களே கையால் சேர்த்துவந்தோம். மூன்று வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

ஒருநாள் இரவு ஷிப்டுக்கு அவசரமாக ஒரு ஃபிளாஞ்ச். சாயங்காலம் நானே புரோகிராம் எடுத்துக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அந்த வரியைச் சேர்க்கவில்லை. டூல் முகப்பைக் கடைந்துகொண்டே உள்ளே போகப் போக, சக் ஊளையிட ஆரம்பித்திருக்கிறது. வேகம் ஏறினால் சக் தாடைகளின் பிடி தளரும். 20 கிலோ இரும்பு பிடியைவிட்டுக் கிளம்பி, கதவைப் பிளந்துகொண்டு எதிர்ச்சுவரில் போய் விழுந்தது. ஆபரேட்டர் பையன் தண்ணீர் குடிக்க நாலு அடி நகர்ந்திருந்தான். அவனுக்கு அப்போது உன் வயது. மறுநாள் காலை அவன் அம்மா பட்டறை வாசலில் வந்து நின்றதை நான் மறக்கவில்லை. திட்டவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அன்று மதியமே போஸ்ட்டைத் திறந்து அந்த வரியை எழுதினேன். எழுத எடுத்துக்கொண்டது பத்து நிமிஷம். மூன்று வருஷமாகச் செய்யாமல் இருந்த பத்து நிமிஷ வேலை.

மனிதன் மறப்பான். களைப்பிலும், விசேஷ வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்திலும், கரன்ட் போய் வந்த எரிச்சலிலும் மறப்பான். போஸ்ட்டில் எழுதிய வரி நீ மறந்தாலும் வந்து நிற்கும். கோப்பில் கையால் சேர்க்கும் வரி, அடுத்த முறை டூல்பாத்தைத் திருத்திச் சேமித்ததும் காணாமல் போகும். ஒரே தப்பை இரண்டாவது தடவை கையால் திருத்துகிறாய் என்றால், அது போஸ்ட்டுக்குப் போகவேண்டிய திருத்தம் என்று தெரிந்துகொள்.

சரி, அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது? பல பேர் இங்கேதான் கைவிடுகிறார்கள். டெஸ்க்டாப்பிலோ டாக்குமென்ட்ஸிலோ தேடினால் கிடைக்காது. ஆஸ்பையரில் ஃபைல் மெனுவின் அடியில், அப்ளிகேஷன் டேட்டா ஃபோல்டரைத் திற என்று ஒரு கட்டளை இருக்கும். அதை அழுத்தினால் நேராகக் கொண்டுபோய் விடும். அதற்குள் 'போஸ்ட்பி' என்ற ஃபோல்டர். அதில் வரிசையாக, 'பிபி' என்று வால் முடியும் கோப்புகள். கையால் தேடிப்போவதென்றால் சி டிரைவில் 'புரோகிராம்டேட்டா', அதற்குள் 'வெக்ட்ரிக்', அதற்குள் ஆஸ்பையர், அதற்குள் பதிப்பின் எண். புரோகிராம்டேட்டாவை விண்டோஸ் மறைத்துவைத்திருக்கும். எக்ஸ்புளோரரின் வியூ பகுதியில் மறைந்தவற்றைக் காட்டு என்பதில் டிக் போட்டால்தான் கண்ணுக்குத் தெரியும்.

பதிப்பின் எண் என்றேனே, அதைக் கவனி. ஒவ்வொரு பதிப்புக்கும் தனி ஃபோல்டர். மெஷின் வந்த அன்று டெக்னீஷியன் உட்கார்ந்து உங்கள் ரவுட்டருக்கென்று திருத்தி வைத்த போஸ்ட், பழைய கம்ப்யூட்டரில், பழைய பதிப்பின் ஃபோல்டரிலேயே தங்கிவிட்டது. புதுசில் இருந்தது கம்பெனி எல்லோருக்கும் பொதுவாகக் கொடுக்கிற போஸ்ட். அதில் தப்பு ஒன்றும் இல்லை. அதற்கு உன் மெஷினைத் தெரியாது, அவ்வளவுதான்.

அதே இடத்தில் டிக் போடவேண்டிய இன்னொன்று, கோப்பு வால்களைக் காட்டு என்பது. இதை மறக்காதே. நோட்பேடில் திருத்திப் புதுப் பெயரில் சேமிக்கும்போது அது வாலில் 'டிஎக்ஸ்டி' என்று தானாக ஒட்டிவிடும். வால் மறைந்திருப்பதால் உனக்குத் தெரியாது. ஆஸ்பையர் பட்டியலில் உன் போஸ்ட் வராது. மண்டையை உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். எத்தனையோ பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பக்கத்துப் பட்டறையில் ஆர்ட்கேம் என்ற மென்பொருளை ஓட்டுகிறார்கள் என்று அண்ணன் சொன்னார். அதில் போஸ்ட்கள் 'கான்' என்று முடியும், புரோகிராம் ஃபைல்ஸுக்குள் ஆர்ட்கேமின் ஃபோல்டரிலேயே இருக்கும். அங்கே நேராகச் சேமிக்க விண்டோஸ் விடாது. உனக்கு அனுமதி இல்லை, டாக்குமென்ட்ஸில் வைக்கட்டுமா என்று கேட்கும். சரி என்று சொல்லிவிட்டு, திருத்தியும் ஏன் மாறவில்லை என்று திகைப்பார்கள். நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து எழுதவேண்டும் அல்லது வெளியே திருத்திவிட்டு உள்ளே நகல் போடவேண்டும். ஆர்ட்கேமை விற்பதை ஆட்டோடெஸ்க் 2018லேயே நிறுத்திவிட்டது. பழைய கம்ப்யூட்டர் படுத்தால் அவர்களுக்கு அந்த போஸ்ட் திரும்பக் கிடைப்பது கஷ்டம். இப்போதே ஒரு நகல் எடுத்து வைக்கச் சொல்.

நீ பாலிடெக்னிக்கில் பழகிய ஃப்யூஷனில் போஸ்ட்கள் ஜாவாஸ்கிரிப்டில் எழுதியவை, 'சிபிஎஸ்' என்று முடிபவை. உன் பெயரிலுள்ள ஃபோல்டரில் 'ஆப்டேட்டா', 'ரோமிங்', 'ஆட்டோடெஸ்க்', 'ஃப்யூஷன் 360 கேம்', 'போஸ்ட்ஸ்' என்று இறங்கிப் போகவேண்டும். மாஸ்டர்கேமில் 'பிஎஸ்டி'. அது பப்ளிக் டாக்குமென்ட்ஸில் 'ஷேர்டு மாஸ்டர்கேம்' என்ற ஃபோல்டருக்குள். நாளைக்குத் துவாக்குடியிலோ கோயம்புத்தூரிலோ வேலைக்குப் போனால் இவை உதவும். இப்போதைக்கு உன் 'பிபி' போதும்.

கிடைத்ததும் திருத்த ஆரம்பித்துவிடாதே. முதலில் நகல். அந்த நகலுக்கு மெஷினின் பெயரும் தேதியும் வருகிற மாதிரிப் பெயர் வை. வெளியே கோப்பின் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. உள்ளே 'போஸ்ட் நேம்' என்று ஒரு வரி இருக்கும், பட்டியலில் தெரிவது அந்தப் பெயர்தான். அதையும் மாற்று. இல்லாவிட்டால் ஒரே பெயரில் இரண்டு நிற்கும், நீ பழையதையே தேர்ந்தெடுப்பாய்.

அடுத்து, திருத்துகிற கோப்புதான் ஓடுகிற கோப்பு என்று நிரூபித்துக்கொள். ஹெடர் பகுதியில், வளைந்த அடைப்புக்குறிக்குள் பட்டறைப் பெயரையும் இன்றைய தேதியையும் ஆங்கில எழுத்தில் ஒரு வரியாக எழுது. மாக்3 அதைக் குறிப்பாக எடுத்துக்கொண்டு தாண்டிப்போகும். ஆஸ்பையரை மூடித் திற. ஒரு சதுரம் வரைந்து சேமித்து, வந்த கோப்பை நோட்பேடில் பார். உன் வரி மேலே இருந்தால் சரியான கதவைத்தான் தட்டியிருக்கிறாய். என் அனுபவத்தில் இந்த ஒரு சோதனை மிச்சப்படுத்தின நேரத்துக்குக் கணக்கே இல்லை.

உள்ளே பார்த்தால் பயமாக இருக்கும், பயப்படாதே. கூட்டல் குறியில் தொடங்கும் வரிகள் எல்லாம் வெறும் விளக்கம். 'வார்' என்று தொடங்குபவை, எந்த எண்ணை எப்படி எழுதவேண்டும் என்று சொல்பவை. எக்ஸ் நிலைக்கான வரியில் சதுர அடைப்புக்குள் எக்ஸ், சி, எக்ஸ், 1.3 என்று நாலு துண்டு இருக்கும். முதல் எக்ஸ் எந்த எண் என்பது. சி என்றால் எண் மாறியபோது மட்டும் எழுது, ஏ என்றிருந்தால் ஒவ்வொரு வரியிலும் எழுது. அடுத்த எக்ஸ் முன்னால் ஒட்டவேண்டிய எழுத்து. 1.3 என்றால் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம். பிறகு 'பிகின்' என்று தொடங்கும் பகுதிகள்: ஹெடர் தொடக்கத்துக்கு, ரேபிட் மூவ் காற்றில் நகர்வதற்கு, ஃபீட் மூவ் வெட்டுவதற்கு, டூல்சேஞ்ச் பிட் மாற்ற, ஃபூட்டர் முடிவுக்கு. மேற்கோள் குறிக்குள் என்ன இருக்கிறதோ அது அப்படியே கோப்பில் போய் விழும்.

உன் ஜி91.1 ஹெடரில் ஒரு வரியாக, மேற்கோள் குறிக்குள் உட்காரவேண்டும். அதற்கு மேலேயே ஜி21 இருக்கிறதா என்று பார். மில்லிமீட்டர் என்று சொல்வது அதுதான். பட்டியலில் அங்குல போஸ்ட்டும் மி.மீ. போஸ்ட்டும் அடுத்தடுத்து இருக்கும். அவசரத்தில் அங்குலத்தைத் தொட்டு, மெஷின் அதை மி.மீ. என்று படித்தால், தாமரை 25.4 மடங்கு சிறுத்து மூக்குத்தி அளவுக்கு வரும்.

ஸ்பிண்டிலுக்கும் ஒரு வரி சேர். சுழலச் சொல்லும் எம்3 வந்ததும் அது 18,000 சுற்றை எட்டிவிடாது, சில வினாடி ஆகும். அதற்குள் பிட் மரத்தில் இறங்கினால் மரநார் பிய்யும், பிட் ஒடியும். ஜி4 போட்டுக் காத்திருக்கச் சொல்லலாம். அதோடு வரும் பி எண் வினாடியா, மில்லிவினாடியா என்பது மாக்3யின் ஜெனரல் கான்ஃபிகில் உள்ள ஒரு டிக்கைப் பொறுத்தது. அதைப் பார்க்காமல் 5000 என்று எழுதினால், வினாடியாகப் படித்துக்கொண்டு 83 நிமிஷம் நின்றுகொண்டிருக்கும். பார்க்காமல் 5 என்று எழுதினால், மில்லிவினாடியாகப் படித்துக்கொண்டு நிற்கவே நிற்காது. உன் மெஷின் பக்கத்துக் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துவிட்டு எழுது. போஸ்ட் எழுதுபவர் கம்ப்யூட்டர் முன்னால் மட்டும் உட்கார்ந்திருந்தால் பாதிதான் தெரியும் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஃபூட்டரில் வரிசையைப் பார்: முதலில் இசட் மேலே ஏறவேண்டும், பிறகுதான் எக்ஸ், ஒய் வீட்டுக்குப் போகவேண்டும். இரண்டும் ஒரே வரியில் இருந்தால் பிட் சாய்வாகப் போகும், வழியில் கிளாம்ப் இருந்தால் முட்டும். பெரிய சிற்பமாக இருந்தால் அண்ணன் செதுக்கிய யாளி மூக்கும் முட்டும்.

ஒரு தடவைக்கு ஒரு திருத்தம் மட்டும் செய். பழைய போஸ்ட்டிலும் புதுசிலும் ஒரே வேலையைச் சேமித்து, இரண்டு கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். நீ மாற்றிய வரியைத் தவிர வேறெதுவும் மாறியிருக்கக்கூடாது. பிறகு மாக்3 திரையில் படத்தைப் பார். அன்றைக்கு அந்தப் பெரிய வட்டங்கள் திரையிலும் தெரிந்திருக்கும், மகளே. சைக்கிள் ஸ்டார்ட்டை அழுத்துவதற்கு முன் அரை நிமிஷம் பார்த்திருந்தால் வாகை தப்பியிருக்கும். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. இனி ஒவ்வொரு தடவையும் பார். அதன்பின் இசட் சுழியைப் பலகைக்கு 50 மி.மீ. மேலே வைத்துக் காற்றில் ஓடவிடு. அடுத்து தெர்மகோல். அடுத்து கழிவுக்கட்டை. நல்ல மரம் கடைசியில்.

எல்லாம் சரியானதும் திருத்திய அந்த ஒரு போஸ்ட்டை 'மை போஸ்ட்பி' என்ற ஃபோல்டரில் வை, போஸ்ட்பிக்குப் பக்கத்திலேயே இருக்கும். அதில் ஒன்றைப் போட்டுவிட்டால் பட்டியலில் அது மட்டும்தான் வரும். தம்பி வந்து உட்கார்ந்தாலும் தப்பான ஒன்றைத் தேர்ந்தெடுக்க வழியிருக்காது. என்ன மாற்றினாய், எந்தத் தேதியில், என்ன கெட்டதால் மாற்றினாய் என்பதை ஒரு நோட்டில் தமிழில் எழுதி வை. தாத்தா சிற்ப அளவுகளுக்கான தாலமானக் கணக்குகளைக் காகிதத்தில் எழுதிப் பெட்டியில் வைத்திருந்ததால்தான் அண்ணன் இன்றைக்கும் கோயில் வாகனம் செய்கிறார். நான் உளியை விட்டு இரும்புக்குப் போனவன். எனக்கு அந்தக் காகிதத்தைப் படிக்கத் தெரியும், செதுக்க வராது. உனக்கு இரண்டும் வரும். அரும்பாவூர் தழுதாழைப் பக்கத்தில் மரத்தின் போக்கும் தெரிந்து, ஜி கோடும் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், போனில் நீ கேட்காதது. அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது கைவேலைக்குக் கிடைத்தது. பச்சைமலையிலிருந்து வந்த கட்டையை ஒரே துண்டாக வைத்துக்கொண்டு, கொட்டாப்புளியும் உளியுமாக மாதக்கணக்கில் உட்கார்ந்தவர்களின் பெயர் அது. உன் ரவுட்டர் செய்த கதவைக் கதவு என்று விற்பது நேர்மையான தொழில், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ரவுட்டர் பூவை அரும்பாவூர்ச் சிற்பம் என்று விற்காதே. யார் கேட்டாலும், எவ்வளவு அதிகம் கொடுத்தாலும் விற்காதே. மெஷின் முரட்டு வேலையை எடுத்துப்போட்டு, கண்ணும் உதடும் அண்ணனின் உளிக்கு மிச்சம் வைத்தால், வாங்குபவரிடம் அதை அப்படியே சொல். சொல்லி விற்றதை யாரும் திருப்பிக்கொண்டு வரமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் கிளம்பி வருகிறேன். அண்ணியிடம் சொல், சாப்பாட்டுக்கு இருப்பேன். அதற்குள் நீ செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடப்போவதாக அண்ணன் சொன்னார், போட விடாதே. பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி, மானிட்டரை மாட்டி வை. டெக்னீஷியன் உங்கள் ரவுட்டருக்குத் திருத்திய போஸ்ட் அதற்குள் இருக்கிறது. அவர் வேறென்னவெல்லாம் மாற்றினார் என்பது அந்த ஒரு கோப்பில்தான் எழுதியிருக்கிறது.

அன்புடன்,
சித்தப்பா